தலைக்குள் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு வயது 52. ஓராண்டாக வலது காதில் இரைச்சல். அந்தக் காதில் போனை வைத்தால் குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. இருட்டில் நடந்தால் லேசான தள்ளாட்டம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் செவி நரம்பில் 14 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. ‘அகூஸ்டிக் நியூரோமா, சாதாரணக் கட்டிதான், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். இது புற்றுநோயா, செல்போனால் வந்ததா, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: தலைக்குள் கட்டி என்று தெரிந்த பிறகும் எதுவும் செய்யாமல் இருப்பது மருத்துவமா, அலட்சியமா?

மருத்துவம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த ஸ்கேன் எப்போது, அடுத்த செவித்திறன் சோதனை எப்போது என்று நாள் குறித்து அனுப்பியிருந்தால் அது கண்காணிப்பு. ‘தொந்தரவு வந்தால் வாருங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது கண்காணிப்பு ஆகாது. உங்கள் மருத்துவர் ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல் எனக்கு நிம்மதி தருகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி. நான் அறுவை மருத்துவர் இல்லை. ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது, கேட்டது எவ்வளவு புரிகிறது, உடலின் சமநிலை எப்படி இருக்கிறது என்று சோதிப்பதும், இழந்ததை ஈடுகட்டப் பழக்குவதும் என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்து வருகிறேன். இந்தக் கட்டி உள்ளவர்களில் பலர், தங்களுக்குக் கட்டி இருக்கிறது என்று அறியாமலே முதலில் வந்து உட்காரும் இடம் எங்கள் சோதனை அறைதான். அக்காவின் ஸ்கேன் படத்தையோ ஆடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடத்தையோ நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு எந்தச் சிகிச்சை சரி என்று சொல்ல எனக்கு வழியில்லை. இந்த நோயில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். இது புற்றுநோய் அல்ல. நரம்பு இழைகளைச் சுற்றி உறை போலப் படர்ந்திருக்கும் ஷ்வான் செல்கள் என்று ஒருவகை செல்கள் உண்டு. தியோடர் ஷ்வான் என்ற 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் உடலியலாளரின் பெயர் அது. அந்தச் செல்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து மெதுவாகப் பெருகுவதால் வருவது இந்தக் கட்டி. ரத்தத்தில் கலந்து வேறு உறுப்புக்குப் போகாது, மூளைக்குள் வேர்விட்டுப் பரவாது. புற்றுநோயாக மாறியதாகப் பதிவானவை மிக மிக அரிது. பெயரில்தான் ஒரு குழப்பம். அகூஸ்டிக் நியூரோமா என்றால் ‘கேட்கும் நரம்பில் வந்த நரம்புக் கட்டி’ என்று பொருள்படும். உண்மையில் அது பெரும்பாலும் முளைப்பது சமநிலையைக் கவனிக்கும் கிளையில், அதுவும் நரம்பில் இல்லை, நரம்பின் உறையில். அதனால்தான் மருத்துவ உலகம் இப்போது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்கிறது. ரிப்போர்ட்டில் இரண்டில் எது இருந்தாலும் நோய் ஒன்றுதான்.

புற்றுநோய் இல்லை என்றால் பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை அது இருக்கும் இடத்தைப் பற்றியது. காதுக்கு உட்புறத்தில் உள்ள கெட்டியான எலும்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய குழாய் இருக்கிறது. அதற்குள் நான்கு நரம்புக் கட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன: கேட்கும் நரம்பு ஒன்று, சமநிலை நரம்பு இரண்டு, முகத் தசைகளை அசைக்கும் நரம்பு ஒன்று. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனியும் அதே வழியில்தான் செல்கிறது. அது அடைபட்டால் உள்காதுக்கு மாற்று வழி கிடையாது. எலும்புக் குழாய் என்பதால் விரிந்து கொடுக்கவும் செய்யாது. அங்கே ஒரு மிளகு அளவுக்குக் கட்டி வந்தாலும் இடம் போதாமல் போகும். குழாயைத் தாண்டி வெளியே வளர்ந்தால் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே உள்ள மூலையில் கொஞ்சம் காலியிடம் கிடைக்கும். அந்த இடமும் நிறைந்துவிட்டால் மூளைத்தண்டைத் தள்ளத் தொடங்கும். குழாய்க்குள்ளேயே இருப்பது, வெளியே எட்டிப் பார்ப்பது, மூளைத்தண்டைத் தொடுவது, அதை அழுத்தித் தள்ளுவது என்று நான்கு படிகளாக மருத்துவர்கள் இதைப் பிரிக்கிறார்கள். கூஸ் அளவுகோல் என்று அதற்குப் பெயர். அக்காவின் கட்டி இதில் எந்தப் படி என்பதுதான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

14 மில்லிமீட்டர் என்ற எண்ணும் முழுத் தகவல் இல்லை. அது குழாய்க்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து அளந்ததா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டுமா? குழாய்க்குள் பத்தும் வெளியே நாலும் என்றால் அது சின்னக் கட்டி. வெளியே மட்டுமே பதினாலு என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த முறையும் அதே வகை ஸ்கேனில், அதே கோணத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

அக்காவுக்கு ஓராண்டாக அறிகுறி இருந்தும் இப்போதுதான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. வேண்டாம். இந்தக் கட்டி தன்னை மறைத்துக்கொள்வதில் தேர்ந்தது. சமநிலை நரம்பில்தான் முளைக்கிறது, ஆனாலும் பெரிய தலைசுற்றல் வருவதில்லை. கட்டி மெதுவாக வளர்வதால் ஒரு பக்கத்துச் சமநிலைத் தகவல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைகிறது. மூளை அதைக் கண்ணாலும் பாதங்களின் உணர்வாலும் மறு பக்கத்துக் காதாலும் அன்றாடம் ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. விளக்கை அணைத்தால் கண் உதவி போய்விடும். அப்போதுதான் தள்ளாட்டம் வெளியே தெரியும். ‘இருட்டில் நடந்தால்’ என்று நீங்கள் எழுதியது எனக்கு அதனால்தான் சட்டென்று புரிந்தது.

கேட்கும் திறனிலும் இதற்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. உள்காது தேய்ந்து வரும் செவிக்குறைவில் ஒலி சிறிதாகிறது. சத்தமாகப் பேசினால் ஓரளவு புரிந்துவிடும். நரம்பு நசுங்கினால் ஒலி வந்து சேர்கிறது, ஆனால் சிதைந்து வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழம்பும். சோதனை அறையில் நாங்கள் பீப் ஒலிகளை மட்டும் கொடுத்துப் பார்த்தால் லேசான குறைவு என்றே தோன்றும். சொற்களைக் கொடுத்துத் திரும்பச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளிவரும். சிலர் இருபத்தைந்து சொல்லில் பத்துகூடச் சொல்ல மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒருவருக்கு ஒரு காது மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்ததை வயதின் கணக்கில் எழுதிவிட்டேன். சொல் சோதனை செய்யவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் முகம் மரத்துப்போய் வந்தபோதுதான் ஸ்கேன் எடுக்கப்பட்டது. கட்டி பெரிதாக இருந்தது. வயது இரண்டு காதையும் சேர்த்தே இறக்கும். ஒன்று மட்டும் இறங்கினால் காரணம் தேட வேண்டும். அன்றிலிருந்து, ‘போனை எந்தக் காதில் வைப்பீர்கள், எப்போதிலிருந்து மாற்றினீர்கள்’ என்று கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. ஒரு காதில் மட்டும் இரைச்சலோ குறைவோ இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி இருக்காது. நூறு பேரை ஸ்கேன் எடுத்தால் ஒரு சிலருக்கே இருக்கும். ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்குக் கண்டறியப்படும் நோய் இது. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் காதுக்குக் காது 20 டெசிபெல் வேறுபாடு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தப் படத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரியும். பெரா என்ற மூளைத்தண்டு மின்சோதனை சிறிய கட்டிகளைத் தவறவிடும். சாதாரண சி.டி. ஸ்கேனும் அப்படியே. ‘சி.டி.யில் ஒன்றுமில்லை’ என்பது இந்த நோயைப் பொறுத்தவரை பதில் ஆகாது.

இனி காத்திருப்புக்கு வருகிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது, விதை விழுந்தால் மரம் ஆகியே தீரும் என்ற கணக்கு. இந்தக் கட்டி அப்படி நடந்துகொள்வதில்லை. டென்மார்க்கில் சிகிச்சை எதுவும் கொடுக்காமல் கண்காணிப்பில் வைத்திருந்த 552 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். குழாய்க்குள்ளேயே இருந்த கட்டிகளில் வெளியே வளர்ந்தவை 17 விழுக்காடு. ஏற்கெனவே வெளியே நீட்டியிருந்தவற்றில் மேலும் வளர்ந்தவை 29 விழுக்காடு. வளர்ந்தவையும் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே வளர்ச்சியைக் காட்டிவிட்டன. சில கட்டிகள் தாமாகவே சுருங்கின. வேறு ஆய்வுகளில் வளர்ந்தவற்றின் பங்கு இதைவிட அதிகமாகவும் வந்திருக்கிறது, ஏனென்றால் எதை வளர்ச்சி என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த வேறுபாட்டை அளவுப் பிழையாகவே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், கண்டறிந்த அன்றே எல்லோருக்கும் சிகிச்சை செய்தால் அதில் கணிசமானவர்களுக்குத் தேவையில்லாத சிகிச்சை நடந்திருக்கும் என்பது நிற்கிறது. வளரும் கட்டிகளும் பொதுவாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. வளருமா என்பதை இன்று ஒரே படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது படம் வேண்டும். அந்த ஆறு மாதம் எதற்காக என்றால் இதற்காகத்தான். வழக்கமாக முதல் மறு ஸ்கேன் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒன்று, ஐந்து ஆண்டு அசையாமல் இருந்தால் இடைவெளியை நீட்டுவார்கள். அசையாத கட்டி பின்னாளில் வளர்வதும் அபூர்வமாக உண்டு என்பதால் முற்றாக நிறுத்துவதில்லை.

நார்வேயில் செய்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது. புதிதாகக் கண்டறியப்பட்ட, இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி உள்ள 100 பேர். சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து 50 பேருக்கு உடனே கதிர்வீச்சு, 50 பேருக்குக் கண்காணிப்பு. நான்கு ஆண்டு முடிவு 2023இல் வந்தது. கதிர்வீச்சு பெற்றவர்களின் கட்டி சராசரியாகச் சற்றுச் சுருங்கியது. காத்திருந்தவர்களின் கட்டி சராசரியாக ஒன்றரை மடங்கு பருமன் ஆனது. காத்திருந்த 50 பேரில் 21 பேருக்குக் கட்டி வளர்ந்ததால் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டது. இதுவரை படித்தால் உடனே செய்வதுதான் சரி என்று தோன்றும். ஆனால் கேட்கும் திறனிலும், முக நரம்பின் வேலையிலும் இரு அணிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்ததால் அவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நான்கு ஆண்டுகளைச் சிகிச்சையே இல்லாமல் கடந்தார்கள். கட்டி சுருங்குவதை முதன்மையாக நினைப்பவர் இந்த ஆய்வை ஒரு விதமாகவும், சிகிச்சையின் பக்கவிளைவைத் தள்ளிப்போட நினைப்பவர் வேறு விதமாகவும் படிப்பார். இரண்டுமே நியாயம்தான். நான்கு ஆண்டு என்பது இந்த நோய்க்குச் சின்னக் காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: கட்டியின் கணக்கு வேறு, காதின் கணக்கு வேறு. கட்டி ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் இருக்கும்போதே கேட்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு இறங்கலாம். வளரும் கட்டியோடு காது நன்றாக இருப்பவர்களும் உண்டு. குழாய்க்குள் அழுத்தம், ரத்த ஓட்டக் குறைவு, கட்டி சுரக்கும் பொருள்கள் உள்காதைக் கெடுப்பது என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எந்தக் காதில் எது காரணம் என்று பிரித்துச் சொல்லும் நிலைக்கு இன்னும் யாரும் வரவில்லை. கட்டியை எடுத்துவிட்டால் காது திரும்பிவிடும் என்று குடும்பத்தார் நம்பி வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், மனம் கனக்கும். இப்படி மெல்ல மெல்லப் போன செவித்திறனை எந்தச் சிகிச்சையும் திரும்பக் கொண்டுவருவதில்லை. இருப்பதைக் காப்பதே பெரும்பாடு. இரைச்சலும் அப்படித்தான். கட்டியை முழுதாக எடுத்த பிறகும், நரம்பே போன பிறகும் இரைச்சல் தொடர்வதுண்டு. மூளை அதைப் பழகிக்கொண்டுவிட்டது. சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது. இரைச்சலை நிறுத்துவதற்காக மட்டும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

காதின் எதிர்காலத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லக்கூடிய நல்ல கருவி அந்தச் சொல் சோதனை. டென்மார்க்கிலேயே பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்ததில், கண்டறிந்தபோது எல்லாச் சொற்களையும் சரியாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு நல்ல செவித்திறன் நிலைத்தது. அப்போதே ஓரிரு சொல் தவறவிட்டவர்களில் நாலு பேருக்குத்தான். அக்காவின் ரிப்போர்ட்டில் இந்த விழுக்காடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்து வாங்குங்கள்.

கட்டி வளர்கிறது என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, துல்லியக் கதிர்வீச்சு. காமா நைஃப் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1951இல் முன்வைத்த யோசனை. நைஃப் என்று பெயர் இருந்தாலும் கத்தி இல்லை, தையல் இல்லை. ஏறக்குறைய இருநூறு மெல்லிய கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து கட்டியில் மட்டும் சந்திக்கும். ஒரே நாளில் முடியும். கட்டி மறையாது, வளர்ச்சி நிற்கும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் மேல் நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இருப்பதாகப் பல மையங்களின் அனுபவம். கதிர்வீச்சுக்குப் பின் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கட்டி சற்று வீங்கி, பிறகு அடங்குவது வழக்கம். இதை முன்பே சொல்லாததால் அடுத்த ஸ்கேனைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு வந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இப்போது பயன்படுத்தும் குறைந்த அளவுகளில் முக நரம்பு பாதிக்கப்படுவது மிகக் குறைவு. காது மட்டும் அடுத்த பல ஆண்டுகளில் மெல்ல இறங்கலாம். கதிர்வீச்சால் புதிய புற்றுநோய் வருமா என்பது நியாயமான அச்சம். நடந்ததுண்டு, ஆனால் மிகமிக அரிது. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.

இன்னொன்று அறுவைச் சிகிச்சை. இதைப் பற்றி ஆழமாகப் பேசவேண்டியவர் அறுவை மருத்துவர். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டிக்கு மண்டையைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917இல் இந்த ஒரு கட்டியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கட்டியை முழுதாக எடுக்க முயலாமல் உள்ளிருந்து குறைத்து உயிரைக் காப்பாற்றுவது அவர் வழி. 1960களில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் உள்காது வழியாகக் கட்டியை அடையும் முறையை நிலைநாட்டிய பிறகு உயிரிழப்பு அபூர்வமாகிவிட்டது. உயிர் பிழைப்பாரா என்று கேட்ட காலம் போய், முகம் கோணாமல் இருக்குமா, காது மிஞ்சுமா என்று கேட்கும் காலம் வந்தது. இன்று மூன்று வழிகள் உண்டு. உள்காதைக் குடைந்து போகும் வழியில் முக நரம்பு நன்றாகத் தெரியும், ஆனால் கேட்கும் திறன் அன்றோடு போய்விடும். காதுக்குப் பின்புறமாகவும் காதுக்கு மேலாகவும் போகும் மற்ற இரு வழிகளில் காதைக் காக்க முயலலாம்; வெற்றி கட்டியின் அளவையும் முன்பிருந்த செவித்திறனையும் பொறுத்தது. கட்டி பெரிதாகப் பெரிதாக முக நரம்பு அதன்மேல் நாடா போல மெலிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்கும்போது காயப்பட்டால் முகத்தின் ஒரு பாதி அசையாமல் போகலாம், கண்ணை மூட முடியாமல் கருவிழி காய்ந்துபோகலாம். அதனால் இப்போது நரம்போடு ஒட்டிய மெல்லிய துண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கண்காணிப்பவர்கள் அதிகம். கட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டார் என்று அறுவை மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். பல நேரம் அந்த மிச்சத்தால்தான் சிரிப்பு மிஞ்சுகிறது. அறுவைக்குப் பிறகு சில நாள் கடுமையான தலைசுற்றல் இருக்கும். சமநிலைப் பயிற்சியால் வாரக் கணக்கில் தேறுவார்கள். மூளைத் தண்டுவட நீர் கசிவது, தலைவலி நீடிப்பது ஆகியவையும் நடக்கக்கூடியவை. எங்கே போனாலும், ‘இந்தக் கட்டியை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், முக நரம்பு எத்தனை பேருக்கு நன்றாக இருக்கிறது’ என்று கேளுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

செல்போன் விஷயம். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு செல்போன் கதிரலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற ஐயப்பட்டியலில் வைத்தது உண்மை. அதற்குக் காரணமான ஆய்வுகளில் இந்தக் கட்டியும் இடம்பெற்றிருந்தது. ஆனால் 13 நாடுகள் சேர்ந்து செய்த இன்டர்ஃபோன் ஆய்வில் செல்போன் பயன்படுத்தியவர்களுக்கு ஒட்டுமொத்தமாக இந்தக் கட்டி அதிகம் என்று தெரியவில்லை. மிக அதிகம் பேசிய ஒரு சிறு பிரிவில் மட்டும் உயர்வு தென்பட்டது. அதை நம்புவதில் சிக்கல் இருக்கிறது. ஒரு காது மங்கத் தொடங்கியதும் மனிதர்கள் தம்மை அறியாமலே போனை மறு காதுக்கு மாற்றுகிறார்கள். எந்தக் காதில் எத்தனை மணி நேரம் பேசினோம் என்ற நினைவும் நம்பத் தகுந்ததல்ல. என் மதிப்பீடு: தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, அக்காவின் கட்டிக்கு அவருடைய போனைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. சிறுவயதில் தலை, கழுத்துப் பகுதியில் மருத்துவக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும் ஓரளவு உறுதியானது. கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி யாராவது மருந்தோ எண்ணெயோ கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படி எதுவும் கிடையாது. தானாகச் சுருங்கும் கட்டிகள் உண்டு என்று மேலே சொன்னேனே, அவற்றின் பெருமையைத்தான் அவர்கள் தங்கள் மருந்துக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

குடும்பத்துக்கு வருமா? அக்காவின் வயதில், ஒரே பக்கத்தில், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் வரும் கட்டி பரம்பரையாக வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 22ஆவது குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 என்ற மரபணு, செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போன்ற ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அக்காவைப் போன்றவர்களில் அந்த மரபணு கெடுவது கட்டியின் செல்களில் மட்டுமே, பிள்ளைகளுக்குப் போகாது. உடல் முழுவதும் அந்த மரபணு பழுதாக இருக்கும் நோய் வேறு. அதில் இரண்டு காது நரம்பிலும் கட்டி வரும், பெரும்பாலும் இளம் வயதிலேயே. இந்தக் கட்டி உள்ள நூறு பேரில் ஐந்து பேர் அளவுக்கே அந்த வகை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதால் மரபணு ஆலோசனை அவசியம். உங்கள் வீட்டில் யாருக்காவது முப்பது வயதுக்குள் இப்படிக் கட்டி வந்திருந்தாலோ, அக்காவின் ஸ்கேனில் இடது பக்கத்திலும் ஏதாவது இருந்தாலோ மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள். வலது பக்கத்தைத் தேடும் கண், இடது பக்கத்தையும் பார்த்ததா என்று ரிப்போர்ட்டில் ஒரு முறை சரிபாருங்கள்.

இந்த ஆறு மாதத்தில் காத்திருக்கக் கூடாத சிலவும் உண்டு. காது ஒரே நாளில் திடீரென்று மங்கினால் அன்றோ மறுநாளோ காது மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்டீராய்டு மருந்தால் சில நேரம் திரும்பக் கிடைக்கும், நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறையும். வலது கன்னம் மரத்துப்போவது, நடை நாளுக்கு நாள் மோசமாவது, விழுங்கும்போது புரையேறுவது, காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை கட்டி மூளைத்தண்டையோ மூளை நீரின் ஓட்டத்தையோ நெருக்குகிறது என்பதற்கான அறிகுறிகள். 14 மில்லிமீட்டர் கட்டியில் இவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. வந்தால் ஆறு மாதக் கணக்கைப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

மற்றபடி அக்கா தன் வழக்கமான வாழ்க்கையை வாழலாம். நடக்கட்டும், நிறையவே நடக்கட்டும். படுத்தே இருந்தால் மூளை சமநிலையை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளாது. தலைசுற்றலுக்கான மாத்திரைகளை மாதக் கணக்கில் போடுவதும் அந்தக் கற்றலைத் தாமதப்படுத்தும். இரவில் எழுந்து போகும் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். ஆழமான நீரில் தனியாக நீந்துவதும் ஏணியில் ஏறுவதும் வேண்டாம். தண்ணீருக்கடியில் கண்ணும் பாதமும் உதவாத நேரத்தில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகக்கூடும். வலது காது மேலும் இறங்கினால், அந்தப் பக்கத்து ஒலியை இடது காதுக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. எலும்பு வழியாக அனுப்புபவையும் உண்டு. நரம்பு மிஞ்சியிருக்கும் சிலருக்கு, உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவிகூடப் பயன்பட்டிருக்கிறது. எது பொருந்தும் என்பது சோதித்துப் பார்த்த பிறகே தெரியும்.

ஒரு காதால் கேட்பவருக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நாலு பேர் பேசும் இடத்தில் அக்கா அமைதியாக இருந்தால் கவலையில் இருக்கிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். பாதி நேரம் அவருக்குப் பேச்சு பிடிபடாமல் இருக்கும். இனி அவருடைய இடது பக்கத்தில் உட்காருங்கள். ஸ்கேன் குறுந்தகட்டையும், சொல் சோதனை விழுக்காட்டோடு கூடிய ஆடியோகிராமையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே தேதியை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்கப் போவது அந்தக் கோப்பைத்தான்.